எந்த இடத்தில் சிலிர்த்தது?

தெரிந்தவர் ஒருவரின் நாவலை இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். முன்பாதி பிடித்திருந்தது, பின்பாதி கொஞ்சம் இழுவை. குட்ரீட்ஸில் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டு, நாலு வரியும் எழுதிவிட்டுப் படுத்தேன். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே போன் வந்துவிட்டது. "என்ன சார், அவ்வளவு மோசமாவா எழுதியிருக்கேன்?" நன்றாக இருக்கிறது என்றுதானே போட்டிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "மூணுங்கிறது ஃபெயில் மார்க் சார். அமேசான்ல அதைக் குறை சொன்னவங்க பக்கத்துலதான் சேர்ப்பாங்க, போய்ப் பாருங்க." போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்த வருடப் புத்தகக் கண்காட்சியில் என்னைப் பார்த்தும் பார்க்காதவர்போலக் கடந்து போனார்.

ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தவர் சொல்லும் சொல்லுக்கு என்ன மதிப்பு, அதை எதைக்கொண்டு அளப்பது, அளந்தவருக்கு அந்தத் தகுதி எப்படி வந்தது என்பதெல்லாம் செல்பேசியோடு பிறந்த தொல்லைகள் என்று நினைத்திருந்தேன். தமிழில் இவற்றுக்கு வயது அதிகம்.

இறையனார் களவியல் உரையின் தொடக்கத்தில் ஒரு கதை வருகிறது. அறுபது நூற்பாக்கள் கொண்ட இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்கிறார்கள். எது மெய்யுரை என்று தகராறு. அவரவருக்கு அவரவருடையதே மெய்யுரை. தீர்த்துவைக்க ஒரு காரணிகனைத் தரும்படி அரசனிடம் போகிறார்கள். நாற்பத்தொன்பது பேருக்கும் மேலான ஒருவரை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவன் கைவிரிக்கிறான். கடைசியில் தெய்வவாக்கு ஓர் ஊமைப் பிள்ளையைக் காட்டுகிறது. உப்பூரிகுடி கிழார் மகன் உருத்திரசன்மன், வயது ஐந்து. வெள்ளை உடுத்தி, வெண்பூச் சூட்டி, பலகைமேல் உட்கார வைக்கிறார்கள். ஒவ்வொருவராக உரையை வாசிக்கிறார்கள். பையன் சும்மா இருக்கிறான். மதுரை மருதன் இளநாகனார் வாசிக்கும்போது சிற்சில இடங்களில் கண்ணீர் வடிகிறது, மயிர் சிலிர்க்கிறது. நக்கீரனார் வாசித்தபோது சொல்லுக்குச் சொல் அப்படி ஆகிறது. நக்கீரனாருடையதே மெய்யுரை என்று முடிவாகிறது.

நூல் மதிப்பீடு பற்றி நம்மிடம் உள்ள கதைகளில் எனக்கு இதற்கு இணையாக எதுவும் தோன்றுவதில்லை. பையனுக்குச் சொந்தமாக உரை இல்லை, சங்கத்தில் இடமும் வேண்டாம். எல்லாருடைய உரையையும் முழுக்கக் கேட்டான். எல்லாவற்றையும்விட, அவன் தீர்ப்பு நூல் முழுமைக்கும் போட்ட ஒரு மொத்த மதிப்பெண் அல்ல. இந்த இடத்தில் சிலிர்த்தது, இந்த இடத்தில் சிலிர்க்கவில்லை என்று வரிக்கு வரி உடம்பிலேயே தெரிந்தது. குறை ஒன்றுதான்: ஏன் சிலிர்த்தது என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை.

பலகையில் உட்கார்ந்த பையனின் வழி அந்தக் கதையோடு நின்றுவிட்டது. நடைமுறைக்கு வந்தது பாயிரம். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாட உரியவர் யார் யார் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது: எழுதியவருடைய ஆசிரியர், அவரோடு படித்தவர், அவருடைய மாணவர், உரைகாரர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பிறரிடம் விட்டார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பிறர் நால்வரும் வீட்டுக்காரர்கள். இன்று புத்தகப் பின்னட்டையில் பாராட்டு எழுதுகிறவர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் இந்த நால்வருக்குள் அடங்கிவிடுவார்கள். திருவள்ளுவமாலையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வெண்பாக்கள், எல்லாமே ஐந்து நட்சத்திரம். குறளுக்கு அது தகும்தான். ஆனால் சாற்றுகவி என்னும் அந்தப் பழக்கம் தலபுராணம், கலம்பகம், அந்தாதி என்று எல்லாவற்றுக்கும் அதே ஐந்தைப் போட்டுக்கொண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டு வரைக்கும் வந்தது. எதிர்ப்பக்கத்துக்கு ஓர் ஆளைச் சொல்வதென்றால் சீத்தலைச் சாத்தனார். குற்றமுள்ள நூலைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொண்டு, தலை சீழ்பிடித்தது என்று கதை. ஒற்றை நட்சத்திரத்தின் வலியை எழுதியவருக்குக் கொடுக்காமல் தானே வாங்கிக்கொண்ட விமர்சகர் வேறு யாரும் எனக்குத் தெரியவில்லை.

அச்சு வந்த பிறகு மதிப்புரை வந்தது. 'மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும்' என்ற வரியைப் பத்திரிகைகளில் பார்க்காத தமிழ் எழுத்தாளர் இருக்க முடியாது. ஒன்று எழுதுகிறவருக்கு, மற்றது அலுவலகத்துக்கு. இடம் கிடைக்காத புத்தகங்கள் 'வரப்பெற்றோம்' பட்டியலில் தலைப்பும் விலையுமாகப் படுத்திருக்கும். இடம் கிடைத்தவையும் பல சமயம் கதைச்சுருக்கம், முன்னுரையிலிருந்து இரண்டு வரி, 'அச்சுப்பிழைகளைத் தவிர்த்திருக்கலாம்', கடைசியில் 'அனைவரும் வாங்கிப் பயனடைய வேண்டிய நூல்' என்று முடியும். அச்சுப்பிழையைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது. அதனால்தான் அந்த ஒரு குறை மட்டும் எல்லா மதிப்புரையிலும் இருக்கும். இலங்கைத் தமிழர்களின் வெளியீட்டு விழாக்கள் இதில் கொஞ்சம் நேர்மையானவை என்பேன். நிகழ்ச்சி நிரலிலேயே நயவுரை ஒருவருக்கு, ஆய்வுரை இன்னொருவருக்கு என்று பிரித்து அச்சடித்துவிடுவார்கள். புகழ வந்தவர் யார், எடைபோட வந்தவர் யார் என்று சபைக்கு முன்கூட்டியே தெரியும்.

உருத்திரசன்மனின் பலகையில் தாமே ஏறி உட்கார்ந்தவர்கள் இருபதாம் நூற்றாண்டில் இரண்டு பேர். ஒருவர் ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கம்பன் பாட்டொன்றை எடுத்துக்கொண்டால் சொல் சொல்லாக நின்று, திரும்பத் திரும்பப் பாடி, எந்த இடத்தில் உணர்ச்சி ஏறுகிறது என்று கூடியிருப்பவர்களுக்குக் காட்டுவார். நூலை இடம் இடமாக அனுபவிக்கத் தமிழருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் அதே ரசனையை அளவுகோலாகவும் ஆக்கி, தமக்கு ரசிக்காத பாட்டெல்லாம் கம்பன் பாடியிருக்க முடியாது, இடைச்செருகல் என்று தள்ளத் தொடங்கினார். சிலிர்க்காத இடம் நூலிலேயே கிடையாது என்றாகிவிட்டது.

இன்னொருவர் க.நா.சு. அவர் வழி பட்டியல். 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு, தமக்குப் பிடித்த நூல்களை ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தினார். ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' போன்ற நாவல்கள் இன்றும் பேசப்படுவதில் அவருடைய விடாப்பிடியான சிபாரிசுக்குப் பங்கு உண்டு. கோட்பாடு இல்லாமல் வெறும் பட்டியல் போடுகிறார் என்று இடதுசாரி விமர்சகர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தார்கள். கண்டனத்தில் நியாயம் இருந்தது. ஏன் இந்த நூல் என்று கேட்டால் படித்துப் பார் என்பதே பெரும்பாலும் அவருடைய பதில். ஆனாலும் பட்டியல்தான் ஜெயித்தது. எஸ். ராமகிருஷ்ணனின் நூறு சிறந்த சிறுகதைகள், ஜெயமோகனின் நாவல் பட்டியல் என்று இன்றைய இளம் வாசகர் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவது பட்டியல்களைத்தான். அதில் தப்பில்லை. பட்டியல் போட்டவரின் ரசனை நமக்குத் தெரியும். அவர் எதில் ஏமாறுவார், எதற்கு உருகுவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டு படிக்கலாம். சராசரி நட்சத்திரத்துக்கு அப்படி ஒரு முகம் கிடையாது.

நடுவில் ஒரு நல்ல ஏற்பாடும் இருந்தது. 1970-இல் சென்னையில் தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' அமைப்பில், ஒரு மாதத்தில் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்துவிட்டு வந்து, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசி, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டு கதைகளிலிருந்து இன்னொருவர் ஒன்றை எடுப்பார். தொகுப்பாகவும் வரும். மேடையில் நின்று, காரணம் சொல்லி, கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்னும்போது கையிலிருக்கும் கதையைப் புரட்டிவிட்டு வர முடியாது. ஊமைப் பிள்ளைக்கு வாய் கொடுத்த ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம்.

இவ்வளவிலும் யாரும் புத்தகத்துக்கு எண் போடவில்லை என்பது விசித்திரம். எண் போடத் தெரியாத சமூகம் அல்ல இது. ஆனந்த விகடன் சினிமாவுக்கு மார்க் போட்டது. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு அது கொடுத்த 62.5 மார்க்கை இன்றும் டீக்கடையில் சொல்வார்கள். அந்த அரை மார்க்கில்தான் அழகே. அறுபதுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவே யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்ற நம்பிக்கை அதிலிருந்து வருகிறது. புத்தகத்துக்கு மட்டும் அந்தத் துணிச்சல் வரவில்லை. காரணம் எளிது. சினிமாவைப் பார்ப்பவர் லட்சம் பேர், எடுத்தவர் எங்கோ இருக்கிறார். தமிழ்ப் புத்தகம் ஆயிரத்து இருநூறு பிரதி அடித்த காலமும் உண்டு, இப்போது முந்நூறு அடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். அந்த முந்நூறில் பாதிப் பேருக்கு எழுத்தாளரின் போன் நம்பர் தெரியும். எழுதியவரின் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டியவர் எப்படி 42 மார்க் போடுவார்?

எண் இல்லாமலே உண்மையான மதிப்பீடு ஒன்று நம் கிளை நூலகங்களில் நடந்துகொண்டிருந்தது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தபோது சுதந்திர இந்தியாவில் அதுவே முதல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதியிருந்தார். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அதில் ஒன்று. விதி நடக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்க வேண்டும். நான் வளர்ந்த ஊர் நூலகத்தில் 'மோகமுள்' பிரதியின் சீட்டு நிறைந்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிறைந்திருந்தது. ஊதா மையில் சாய்ந்தும் நேராகவும் தேதிகள். சில தேதிகளுக்கு நடுவே நான்கே நாள் இடைவெளி, யாரோ விழுங்கியிருக்கிறார்கள். உள்ளே ஓரத்தில் பென்சிலில் 'பாவம் யமுனா' என்று ஒரு கை. அதற்குக் கீழே வேறொரு கை, 'பாபுதான் பாவம்'. இருவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் நானும் நின்று யோசித்தேன். பக்கத்து அலமாரியில் பெரிய மனிதர் ஒருவரின் பொன்மொழித் தொகுப்பு. சீட்டில் ஒரு தேதிகூட இல்லை. நூலகத்துக்கு வாங்கப்பட்ட நாளிலிருந்து அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. சாற்றுகவியும் பின்னட்டையும் மறைத்ததையெல்லாம் அந்த வெற்றுச் சீட்டு சொல்லிவிட்டது.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். குட்ரீட்ஸ் 2007-இல் வந்தது. 2013-இல் அமேசான் அதை வாங்கியது. குட்ரீட்ஸில் ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று பிடித்தது, நான்கு ரொம்பப் பிடித்தது, ஐந்து அபாரம். அமேசான் கடையிலோ ஒன்று முதல் மூன்று வரை குறை. ஒரே முதலாளியின் இரண்டு வாசலில் ஒரே மூன்றுக்கு இரண்டு அர்த்தம். என் நண்பருக்கும் எனக்கும் நடந்த சண்டையின் வேர் இதுதான். நான் ஒரு வாசலில் நின்று பேசினேன், அவர் இன்னொரு வாசலில் நின்று கேட்டார்.

இந்த எண்கள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பலாஸ் கோவாக்ஸ், அமாண்டா ஷார்க்கி இருவரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விருது பெற்றவை, இறுதிப் பட்டியலோடு நின்றுவிட்டவை என்று 64 ஆங்கில நூல்களின் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாசகர் மதிப்பீடுகளை எடுத்துக்கொண்டார்கள். விருது அறிவித்த பிறகு, விருது பெற்ற நூலின் மதிப்பீடு இறங்குகிறது. நூல் மாறவில்லை, வாசகர் மாறிவிட்டார். அதுவரை அந்த வகை எழுத்தைத் தேடி வந்தவர்கள் படித்தார்கள். அதன்பின் விருதுக்காக வந்தவர்கள் படிக்கிறார்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் இதை நேரில் பார்த்தேன். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலுக்கு 2023-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருது அறிவித்ததும், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் ஆர்வமாக வாங்கி வந்தார். இரண்டு வாரம் கழித்து, "எல்லாம் சரி சார், கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்றார். அவர் கேட்டது தப்பில்லை. துப்பறியும் நாவலில் ஊறிய மனிதர். அவர் போடும் இரண்டு நட்சத்திரம் அவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும். நாவலைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு ஆய்வு 2010-இல் வந்தது. நியூயார்க் டைம்ஸில் மோசமான மதிப்புரை வந்தால், பெயர்பெற்ற எழுத்தாளரின் விற்பனை ஏறக்குறைய 15 சதவீதம் குறைகிறதாம். பெயர் தெரியாதவருடையது 45 சதவீதம் கூடுகிறதாம். திட்டு மறந்துபோகிறது, பெயர் நினைவில் நிற்கிறது. தமிழில் சில எழுத்தாளர்கள் வருடம் ஒரு வம்பை ஏன் வளர்க்கிறார்கள் என்று யோசிப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

எண்ணுக்குப் பரிசு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தாயிற்று. அமேசான் தன் 'பென் டு பப்ளிஷ்' போட்டியில் 2018-இல் தமிழையும் சேர்த்தபோது, முதல்கட்டத் தேர்வில் விற்பனையும் வாசகர் மதிப்பீடும் கணக்கில் வந்தன. அந்த மாதங்களில் என் வாட்ஸ்அப் நிரம்பி வழிந்தது. "அண்ணே, நேரம் இல்லேன்னா படிக்க வேண்டாம், அஞ்சு ஸ்டார் மட்டும் போட்டுடுங்க." கேட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நன்னூல் சொன்ன நால்வரைத்தான் அவர்களும் தேடினார்கள், போனில் தேடினார்கள், அவ்வளவே. வெளிநாட்டில் இதன் மறுபக்கம் நடந்தது. 2023-இல் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவில் நடப்பதாக எழுதிய நாவலொன்றை அறிவித்தார். உக்ரைன் போரை முன்னிட்டு நூற்றுக்கணக்கானோர் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். புத்தகம் இன்னும் அச்சாகவே இல்லை. கில்பர்ட் வெளியீட்டை நிறுத்திவிட்டார்.

சிலிர்த்த இடத்தைச் சொல்லுங்கள் என்று நான் வாதாடிக்கொண்டே வருகிறேன். அதற்கு எதிரான சாட்சியையும் நானே கூப்பிட வேண்டும். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வந்து, நாலு வருடம் அமைதியாகப் படிக்கப்பட்டது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்புக் கிளம்பியபோது, நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுத்து விநியோகிக்கப்பட்டன. அதைப் படித்துக் கொதித்தவர்களிடம் கேட்டிருந்தால் பக்க எண்ணைத் துல்லியமாகச் சொல்லியிருப்பார்கள். காளியும் பொன்னாவும் அந்தப் பக்கத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்றுதான் தெரிந்திருக்காது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம், படித்தே தீர வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலையில் தன் தீர்ப்பில் சொல்ல வேண்டியிருந்தது. இடம் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு நடந்தே வந்திருக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை அத்தனை பேர் உரையையும் உட்கார்ந்து கேட்டது அதற்காகத்தான்.

இன்றைய கருவிகளில் அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது நட்சத்திரம் அல்ல. கிண்டிலில் ஒரு வரியின் கீழே மெல்லிய கோடு போட்டு, இத்தனை பேர் இதை அடிக்கோடிட்டார்கள் என்று காட்டுகிறதே, அதுதான். யாரையும் திருப்திப்படுத்த அந்தக் கோட்டை யாரும் போடுவதில்லை. போட்டவர் அந்தப் பக்கம் வரைக்கும் வந்திருக்கிறார். ஆனால் அதுவும் ஊமை.

வாயும் இடமும் சேர்ந்து கிடைப்பது வாசகர் வட்டங்களில்தான். எங்களுடையது மாதத்தில் இரண்டாம் ஞாயிறு, நூலக மாடியில், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு நடக்கிறது. முதல் வருடம் எல்லாரும் 'அருமை', 'விறுவிறுப்பு', 'மனதைத் தொட்டது' என்று சொல்லிவிட்டு வடை சாப்பிட்டுப் போனோம். பிறகு பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு விதி கொண்டுவந்தார்: பேசுகிறவர் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்ல வேண்டும், கடைசி அத்தியாயம் வரை படிக்காதவர் கேட்க மட்டும் வரலாம். கூட்டம் பாதியாகக் குறைந்தது. பேச்சு இரண்டு மணி நேரத்துக்கு நீண்டது. கதை எப்ப ஆரம்பிக்கும் என்று கேட்ட வங்கிக்காரர் இரண்டு மாதம் கழித்து அதே நாவலோடு வந்தார். ஒரு பத்தியைத் திறந்து வாசித்தார், நடுவில் நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினார். நாவல் இன்னும் அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பத்தி பிடித்திருக்கிறது. அதைக் கேட்ட இரண்டு பேர் மறுவாரமே நாவலை வாங்கிவிட்டார்கள்.

கோபித்துக்கொண்ட நண்பரின் நாவலை இந்தக் கட்டுரைக்காக மறுபடி எடுத்தேன். 87-ஆம் பக்கத்தில், கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கும் இடத்தில், முதல்முறை படித்தபோது நான் போட்ட பென்சில் கோடு இருந்தது. நான் குட்ரீட்ஸில் எழுதிய நாலு வரியில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. போன வாரம் அந்த வரிகளை அழித்துவிட்டு, அந்தக் கிணற்றடியைப் பற்றி மட்டும் எழுதினேன். நட்சத்திரம் மூன்றுதான், அதை மாற்றவில்லை. அவர் இன்னும் கூப்பிடவில்லை.